பனிப்புயலில் பாதி

என் கணவர் டெஸ்மண்டை எங்கள் சின்ன ஊரான ஃபைலியில் எல்லோருக்கும் இரண்டு விதமாகத் தெரியும். வார நாட்களில் கடைத்தெருவில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். சனிக்கிழமைகளில், யாராவது நன்கொடைக்காக விழா நடத்தினால், மேடையேறி மனதைப் படிப்பவர். சீட்டுக்கட்டு, முயல், தொப்பி எதுவும் கிடையாது. ஒரே ஒரு புத்தகம். சபையிலிருந்து ஒருவர் வந்து, தனக்குப் பிடித்த பக்கத்தைத் திறந்து, முதல் வரியின் முதல் வார்த்தையை மனதுக்குள் படித்துவிட்டு மூடிவிட வேண்டும். டெஸ்மண்ட் மேடையின் மறுகோடியில் நின்றபடி அந்த வார்த்தையைச் சொல்வார்.

எப்படி என்று எனக்குத் தெரியும். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் நான்தான். ஆனால் வித்தைக்காரர் சங்கத்தில் சேர்ந்தபோது அவர் கொடுத்த வாக்கு என்னையும் கட்டுப்படுத்தும் என்பதால் அதை இங்கே சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அவர் ஊகிப்பதில்லை. அந்த வார்த்தை எது என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். தவறுவதற்கு வழியே கிடையாது.

நூலகத்தின் ஒழுகும் கூரையைச் சரிசெய்யப் பணம் திரட்டிய விழாவில் அது தவறியது.

அன்று டெஸ்மண்ட் வாயைத் திறப்பதற்குள் ஈனிட் ஸ்கார்த் எழுந்துவிட்டாள். எங்கள் ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அவளிடம் கற்றவர்கள்தான், நான் உட்பட. பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதட்டி அதட்டி, சாதாரணப் பேச்சே அதட்டலாகிவிட்டவள்.

"யாரையும் கூப்பிட வேணாம் டெஸ்மண்ட், நானே வரேன். எப்பவும் உன் சிநேகிதக்காரங்களாப் பாத்துத்தானே கூப்பிடுவ."

நான் புத்தகத்தைக் கொடுத்தேன். அவள் திறந்தாள், பார்த்தாள், படாரென்று மூடினாள்.

மேடையில் டெஸ்மண்ட் எல்லோரையும் மரியாதையாகத்தான் அழைப்பார். "பாத்தாச்சா மேடம்? இப்ப அதை மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லுங்க. வாய் அசையக்கூடாது."

"வாய் அசையாம நான் இருந்ததே இல்ல. முயற்சி பண்றேன்."

சபை சிரித்தது. டெஸ்மண்ட் கண்களை மூடிக்கொண்டு உள்ளங்கைகளைத் தேய்த்தார். "குளிருது. கண்ணு முன்னாடி எல்லாம் வெள்ளையா இருக்கு. காத்து அடிக்குது, பயங்கரமா அடிக்குது. நீங்க நினைச்ச வார்த்தை, பனிப்புயல்."

கைதட்டலைத் தொடங்கிவைப்பது என் வேலை. கையைத் தூக்கிவிட்டேன்.

"இல்ல," என்றாள் ஈனிட்.

என் கை அப்படியே நின்றது.

"புயல். வெறும் புயல். உன் குளிரு, வெள்ளை எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

முன்வரிசையில் இருந்த பாதிரியார், பாதி சரிதானே, பாதி மதிப்பெண் போடலாமே என்று சமாதானம் பேசினார்.

"என்கிட்ட பாதி மார்க்கெல்லாம் கிடையாது. பாஸு, இல்லன்னா ஃபெயிலு," என்றாள் அவள். ஓட்டுநர் தேர்வில் தோற்றவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து சிரித்தது போல அரங்கம் அதிர்ந்தது.

நான் புத்தகத்தை வாங்கி அதே பக்கத்தைப் பிரித்தேன். பனிப்புயல் என்றுதான் இருந்தது. உரக்கப் படித்தேன்.

"நீ அவன் பொண்டாட்டி, வேற எப்படிப் படிப்ப?" அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து மறுபடி பார்த்தாள். "புயல். இதோ கண் முன்னாடி இருக்கு. பாதர், நீங்களே பாருங்க."

பாதிரியார் எட்டிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, ஒரு விளையாட்டில் தன்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்துத் தலையாட்டிச் சிரித்தார். டெஸ்மண்டைச் சீண்டுவதற்காக ஈனிட் நாடகமாடுகிறாள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவள் வெற்றிக் களிப்போடு படியிறங்கினாள். இறங்கும்போது திரை கட்டியிருந்த கம்பத்தில் இடது தோள் நன்றாக மோதியது. "இதை எவன் இங்க நட்டது?" என்று கம்பத்தையும் திட்டிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். "வேணும்னே பண்ணியிருக்கா. உன்னை அவமானப்படுத்தணும்னே மேடை ஏறியிருக்கா."

டெஸ்மண்டுக்குக் கோபமே இல்லை. வித்தை கெட்டுப்போன மனிதரைப் போலவே அவர் இல்லை. சமையலறை மேசையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அந்த வார்த்தையைக் கட்டைவிரலால் மறைப்பதும் விடுவதுமாக இருந்தார்.

"ஏவரில், பொய் சொல்றவ ஏன் பாதிப் பொய் சொல்லணும்?" என்றார். "என்னைக் கவுக்கணும்னா குதிரைன்னு சொல்லியிருக்கலாம். கேரட்டுன்னு சொல்லியிருக்கலாம். இருக்கிற வார்த்தையில முன்பாதிய மட்டும் விட்டுட்டு மிச்சத்தைச் சொல்றது பொய் மாதிரியா இருக்கு?"

"அப்ப என்னவாம்?"

"அவ சொன்னது நெசமா இருந்தா? அவளுக்கு அவ்வளவுதான் தெரிஞ்சிருந்தா?"

"கண்ணு சரியில்லங்கறியா? தெருக்கோடில நிக்கிற லாரியோட நம்பரைப் படிச்சுக் காட்டிப் பீத்திக்கிறவ அவ."

"கண்ணுன்னு நான் சொல்லலையே." அவர் கட்டைவிரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு, "அவ வண்டிக்கு இடப்பக்கக் கண்ணாடி என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அது ஊரறிந்த கதை. அந்தக் கண்ணாடி கோடையிலிருந்தே உடைவதும் மாற்றுவதுமாக இருந்தது. தெருவோரம் நிற்கும் கார்களில் உரசிவிடுகிறார்கள் என்று ஈனிட் தன் மாணவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அதில் சில உரசல்கள் மாணவர் யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தவை. கேக் கடைக்காரரின் வண்டியை அவள் இடித்தபோது நானே பார்த்தேன். அதைச் சொன்னதும் டெஸ்மண்ட் புத்தகத்தை மூடினார்.

"திங்கக்கிழமை காலைல அவ பாடம் எடுக்கப் போயிடுவா. நாளைக்கே போய்ப் பாக்கணும்."

"போய் என்னன்னு சொல்லுவ? நீ ஃபெயிலானதுக்கு என்னை நோயாளி ஆக்குறியான்னு கேப்பா."

"உண்மையச் சொன்னாத்தான் அப்படிக் கேப்பா," என்றார் டெஸ்மண்ட்.

மறுநாள் பிற்பகல் ஈனிடின் வீட்டுக் கதவைத் தட்டினோம். டெஸ்மண்டின் கையில் வேறொரு புத்தகம், சாதாரணக் கதைப் புத்தகம், நான் படித்துப் பாதியில் விட்டது.

"நேத்து தோத்ததுல எனக்குத் தூக்கமே இல்ல ஈனிட். இன்னொரு வாய்ப்புக் குடு. இன்னிக்கும் தோத்தா, அடுத்த விழாவுல மேடையேறி, ஈனிட் என்னைத் தோக்கடிச்சான்னு நானே சொல்றேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "உள்ள வா, உள்ள வா. அழுதுகிட்டே வருவேன்னு எதிர்பார்த்தேன், புத்தகத்தோட வந்திருக்க."

தேநீர் போட்டாள். ஒரு பெரிய தட்டு நிறைய ஹாம் சாண்ட்விச் கொண்டுவந்து தனக்கு எதிரே வைத்துக்கொண்டாள். நாங்கள் ஆளுக்கு ஒன்று எடுத்தோம். பேசிக்கொண்டே அவள் சாப்பிட்டாள். சற்று நேரத்தில், "தீந்துபோச்சு, இன்னும் கொஞ்சம் வெட்டிட்டு வரேன்," என்று எழுந்தாள்.

தட்டில் அவளுக்கு வலப்புறம் இருந்த பாதிதான் காலி. இடது பாதியில் சாண்ட்விச்சுகள் அடுக்கியபடி அப்படியே இருந்தன. நான் டெஸ்மண்டைப் பார்த்தேன். அவர் பேசாதே என்பது போலக் கண்ணைக் காட்டிவிட்டு, விரலால் தட்டை மெதுவாகத் திருப்பினார்.

"அட, இருக்கே," என்று ஈனிட் மறுபடி உட்கார்ந்து ஒன்றை எடுத்தாள்.

அதுவரை டெஸ்மண்ட் சொன்னதை நான் பாதிதான் நம்பியிருந்தேன். அந்தக் கணத்தில் மிச்சத்தையும் நம்பினேன்.

டெஸ்மண்ட் புத்தகத்தை அவள் முன் விரித்தார். "இன்னிக்கு நான் ஊகிக்கப் போறதில்ல. முதல் வார்த்தைய நீ வாய்விட்டே படி."

"இது என்ன புது வித்தை?" அவள் குனிந்தாள். "கரை."

கடற்கரை என்று இருந்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"ஒளி," என்றாள். அது நிலவொளி.

"மணி." அது வாசல்மணி.

ஒவ்வொன்றையும் அவள் தயங்காமல், பாடம் நடத்தும் குரலில் படித்தாள். டெஸ்மண்டின் முகத்தில் மேடைச் சிரிப்பு மாறவே இல்லை. ஆனால் புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"இப்போ இப்படிப் படி," என்று அவர் புத்தகத்தைச் சாய்த்தார். வரிகள் கிடையாக இல்லாமல், மேலிருந்து கீழாக இறங்குவது போல நின்றன. "கழுத்தைச் சாய்க்காம, நேராப் பாரு. கொஞ்சம் கஷ்டமா இருக்கும்."

"குழந்தை விளையாட்டா இருக்கே," என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் எழுத்து எழுத்தாக மேலிருந்து கூட்டினாள். "வா... வாசல்... வாசல்மணி."

அவர் புத்தகத்தை நேராக்கினார்.

"மணி," என்றாள்.

மறுபடி சாய்த்தார்.

"வாசல்மணி."

அவளே புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். நேராக வைத்தாள், சாய்த்தாள், மறுபடி நேராக வைத்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சாய்த்தபோது வார்த்தைகளுக்குத் தலை முளைத்தது. நிமிர்த்தியபோது போய்விட்டது. எப்படிச் செய்கிறாய் என்று கேட்கும் முகத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"டெஸ்மண்ட், இது என்ன வித்தை?"

"வித்தை இல்ல ஈனிட்."

அவர் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தார். என் மூக்கையே பார், எந்த விரல் அசைகிறது சொல் என்றார். அவளுக்கு வலப்புறம் இருந்த விரல் அசைந்தபோது உடனே சொன்னாள். இடப்புறம் விரல் அசைந்துகொண்டே இருந்தது. அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆரம்பிக்கலாமே," என்றாள்.

"ஆரம்பிச்சுட்டேன்மா," என்றார் அவர்.

அவள் மெல்லத் தலையைத் திருப்பி, அசைந்துகொண்டிருந்த விரலைப் பார்த்தாள். கெட்டிலில் தண்ணீர் ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

"குருடாகிட்டு வரேனா?"

"கண்ணுல ஒண்ணும் இல்லன்னுதான் நினைக்கிறேன். அதுக்குப் பின்னாடி, மூளையில. இடப்பக்கத்தைக் கண்ணு அனுப்புது, உள்ள யாரோ வாங்கி வைக்க மாட்டேங்கறாங்க. ஏன்னு என்னால சொல்ல முடியாது. சொல்லக்கூடியவங்க ஹல்லுல பெரிய ஆஸ்பத்திரில இருக்காங்க. நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்குக் காலைல எனக்குப் பாடம் இருக்கு. அந்த ஹெப்டன் பொண்ணு, ரவுண்டானாவுக்குள்ள நுழையவே பயப்படுவா. பாவம்."

"ஈனிட்," என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்தாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில் நான் தவறான பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் இப்படித்தான் என்னைப் பார்ப்பாள். ஆனால் இப்போது அதில் அதட்டல் இல்லை. சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினாள்.

"அந்தக் கண்ணாடியெல்லாம்... பசங்களை நான் எவ்வளவு திட்டியிருக்கேன்," என்றாள்.

ஹல்லில் படம் எடுத்துப் பார்த்தபோது, இடப்பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் மூளையின் வலப்பகுதியில் ஒரு கட்டி. புற்று இல்லை. ரொம்ப நாளாக மெதுவாக வளர்ந்து, இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் விட்டிருந்தால் இடது கை கால்களும் போயிருக்கும் என்றார் அறுவைச் சிகிச்சை மருத்துவர். எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் டெஸ்மண்டைக் கேட்டார். டெஸ்மண்ட், மனதைப் படித்தேன் என்று சொல்லமுடியாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு புத்தகத்தில் தற்செயலாகப் பார்த்தேன் என்றார். எந்த மருத்துவப் புத்தகம் என்று மருத்துவர் கேட்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து சில நாள் கழித்துப் பார்க்கப் போனோம். அவள் தலையில் ஒரு பக்கம் மழித்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் குறையவில்லை.

"நர்ஸு காலைல பேப்பர் குடுத்தா. தலைப்புல முன்பாதி கொஞ்சம் தெரியுது. முழுசா வர நாளாகுமாம்." பிறகு டெஸ்மண்டின் சட்டைக் கையைப் பிடித்தாள். "சரி, இப்பச் சொல்லு. அன்னிக்கு நான் எந்தப் பக்கத்தைத் திறந்தேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அது சொல்லக்கூடாதும்மா. சங்கத்துல சத்தியம் பண்ணியிருக்கோம்."

"யோவ், நான் மண்டையையே திறந்து காட்டியிருக்கேன். நீ வாயைத் திறக்கமாட்டியா?"

டெஸ்மண்ட் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. பிறகு அவர் குனிந்து, கட்டுப் போடாத காதில் முணுமுணுக்கும் ஓசை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அதை என்னைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் ஈனிட்.

"அவ்வளவுதான்."

"இதுக்கா ஊரே கைதட்டுது?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். தையல் வலிக்க, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டெஸ்மண்டும் சேர்ந்துகொண்டார். நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினாள்.

ஓட்டுநர் உரிமம் அவளுக்குத் திரும்பக் கிடைக்க வெகு நாள் ஆயிற்று. அதுவரை நான்தான் அவளைக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்றிக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்து, நான் கியர் போடும் விதத்தை வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வருவாள். அந்த வித்தையின் ரகசியத்தை யாரிடமும் அவள் சொல்லவில்லை. யாராவது கேட்டால், டெஸ்மண்டுக்கு நிஜமாகவே மனதைப் படிக்கத் தெரியும் என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வாள். அதை நம்பிச் சில பேர் கடைக்கே வந்து, என் புருஷன் மனதில் என்ன இருக்கிறது பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டு அவரைத் திணறடித்தார்கள். அவர்களுக்கெல்லாம் டெஸ்மண்ட் கண் பரிசோதனை செய்து அனுப்பினார்.