காணிக்கை மெட்டில் ஸ்பெல்லிங்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் நேசமணி டீச்சர், போன மாதம் டிக்டேஷன் நோட்டுகளைத் திருத்திக்கொண்டே சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க கதை எழுதுதவுக. இதயும் எழுதுங்க. கடைசில நான் அவ வீட்டுக்குப் போனேன்னு மட்டும் மாத்திருங்க" என்றார். சரி என்று தலையாட்டித் தொலைத்தேன்.

(கதைக்குள் அவரை 'அவள்' என்றே எழுதுகிறேன். அப்போது வயது பதினாறு.)

2

முதல் தொடக்கம்: 'நாற்பத்தெட்டாம் வருஷம், மாசி மாதத்து இளங்காலையில், கோபுரத்தின் மேல் புறாக்கள்…' வேண்டாம். புறாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: இங்கிலீஷில் வார்த்தையின் வால்தான் ஆளைக் கவிழ்க்கும். அட்டெண்டன்ஸ், ஆப்சென்ஸ் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே முடியும். எழுதும்போது ஒன்றின் வாலில் ஏ, மற்றதில் இ. கம்ஃபர்டபிளுக்கு ஏ, டெரிபிளுக்கு ஐ. ஏன் என்று கேட்டால் வாத்தியார் பிரம்பைத் தேடுவார்.

கோமதித்தாய் வகுப்பில் முதல். இந்த வால்களில் மட்டும் வழுக்குவாள். சர்ச் உபதேசியார் மகள் நேசமணி வால்களில் புலி, மொத்தத்தில் இரண்டாவது. பத்தாவதில் முதலாக வரும் பெண்ணுக்குப் பாளையங்கோட்டையில் டீச்சர் ட்ரெயினிங், இலவசமாக. ஒரே ஓர் இடம். தெரிந்தேதான் நேசமணி சிநேகிதிக்கு உதவினாள். சர்ச்சில் காணிக்கை எடுக்கும்போது பாடும் கீர்த்தனையின் மெட்டில் வார்த்தைகளைக் கோத்துக் கொடுத்தாள்: "அட்டெண்டன்ஸ் ஏ, கைடன்ஸ் ஏ, ஆப்சென்ஸ் இ, பேஷன்ஸ் இ." பாடினால் மறக்காது.

3

கோமதித்தாய் வீட்டில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டே அதைச் சத்தமாகப் பாடினாள். அவள் அப்பா ஆறுமுகச்சாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. மெட்டு தெரியும். சந்தையன்று பிரசங்கம் செய்ய வருகிறவர்கள் ஆர்மோனியத்தோடு பாடும் அதே மெட்டு.

"ஏட்டி, வேதத்துல சேந்துட்டியா?" வேதம் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவம்.

"இல்லய்யா, இது ஸ்பெல்லிங்கு!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது. பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் குருவிகுளத்து அத்தை மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள்.

[ஆறுமுகச்சாமியைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். பெண்ணைப் பத்தாவது வரை படிக்க வைத்தவர் அவர். பயந்துபோனார், அவ்வளவுதான்.]

கூடப் படித்த மைமூனம்மாள் கோமதித்தாயிடமிருந்து நேசமணிக்குச் சேதி கொண்டுவந்தாள்: "ஒன்னய ஒரு எட்டு வரச் சொன்னா. நோட்டக் காட்டி, இது பாடந்தான்னு அவ அய்யாட்ட சொல்லணுமாம். நீ சொன்னா நம்புவாராம்."

நேசமணி நோட்டோடு தெருமுனை வரை போனாள். அங்கிருந்து ஆறாவது வீடு. ஆறுமுகச்சாமி வாசலில் வண்டிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தபடி நின்றாள். பிறகு திரும்பிவிட்டாள். அந்த வருஷம் பாளையங்கோட்டை இடம் அவளுக்குத்தான் கிடைத்தது.

"வேதக்காரப் பிள்ள போய்ச் சொன்னா இன்னும் வெனையாயிரும்லா?" இது டீச்சர் என்னிடம் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் ஒன்பது வருஷம் கழித்தும் ஒருவரை இப்படிக் குடைகிற காரணம் என்றால்… (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

4

கேட்டபடியே மாற்றி எழுதினேன். நேசமணி ஆறாவது வீட்டுக்குப் போகிறாள். நோட்டை விரிக்கிறாள். ஆறுமுகச்சாமி உற்றுப் பார்த்து, "இம்புட்டுத்தானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன், மக்கா" என்கிறார். கோமதித்தாய் பரீட்சை எழுதுகிறாள்.

நேற்று மத்தியானம் டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப ஃபர்ஸ்ட் அவதான வந்திருப்பா, அண்ணாச்சி?"

"ஆமா."

"அது எனக்குத் தெருமுனையிலயே தெரியும்."

சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எழுதியதைக் கிழிக்கவும் தோன்றவில்லை, வைத்துக்கொள்ளவும் மனமில்லை. அவரிடம் சரி என்று சொன்னதற்காக வருந்தினேன்.

5

ஆகவே இதற்கு என்னிடம் முடிவு இல்லை. கோமதித்தாய் குருவிகுளத்தில்தான் இருக்கிறாள், மூன்று பிள்ளைகளோடு. பஸ் போகிறது. நாம் இரண்டு பேருமாகப் போய்வருவோமா என்று கேட்டேன்.

"போயி, அவகிட்ட என்னன்னு சொல்லட்டும்?" என்றார் டீச்சர்.

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால், கீழே இடம் விட்டிருக்கிறேன்.