சுருங்காத இடம்

பேயாவது பிசாசாவது என்று சொல்லித் திரிந்தவள் நான். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் முன்போல உரக்கச் சொல்வதில்லை.

என் வேலை வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது. என் வீட்டுக்காரர் எஞ்சின் பார்ப்பார். ஒரே கூரை, நடுவில் கண்ணாடி வைத்த ஒரு கதவு. அந்தப் பக்கம் எண்ணெயும் கரியும், இந்தப் பக்கம் தூசு விழாத என் ஸ்பிரே அறை. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் வந்த சண்டைகளில் பாதி, அவர் அந்தக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவதால் வந்தது. மீதிப் பாதி அவர் கையால் வந்தது.

கையால் என்றதும் அடித்தார் என்று நினைக்க வேண்டாம். அந்த மனிதர் கொசுவைக்கூட யோசித்துத்தான் அடிப்பார். விஷயம் வேறு.

எஞ்சினின் தலையில் ஒரு மூடி இருக்கும். டேப்பெட் கவர் என்போம். பானட்டைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். பழைய கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் அதற்குச் சுருக்கப் பெயிண்ட் அடிக்கச் சொல்வார்கள். மற்ற பெயிண்டெல்லாம் வழவழவென்று வந்தால் பெருமை, இது சுருங்கினால்தான் பெருமை. கனமாக அடிக்க வேண்டும். முதலில் நெடுக்காக, கொஞ்சம் பொறுத்துக் குறுக்காக, அப்புறம் மூலைவாட்டில். பிறகு ஓவனில் வைத்துச் சூடு காட்டினால் மேல்தோல் முந்திக்கொண்டு காயும், அடியில் ஈரம் கிடக்கும், அப்போது பெயிண்ட் முழுக்கப் பொடிப்பொடியாகச் சுருங்கிக்கொண்டு வரும். நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனி மாதிரி. ஆனால் அடியில் இம்மி எண்ணெய்ப் பசை இருந்தாலும் போச்சு. பெயிண்ட் அங்கே நிற்காமல் விலகி மெலிந்துவிடும். மெலிந்த இடம் சுருங்காது. எவ்வளவு சூடு காட்டினாலும் மொழுமொழுவென்று பல்லை இளித்துக்கொண்டு நிற்கும்.

அதனால் தின்னர் போட்டுத் துடைத்த பிறகு யாரையும் கிட்டே அண்ட விடமாட்டேன். இவர் என்ன செய்வார் என்றால், நான் துடைத்து முடித்து ஸ்பிரே கன்னை எடுக்கத் திரும்புகிற நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் வந்து, இடது உள்ளங்கையை அந்தக் கவரின்மேல் அழுத்தி வைத்துவிடுவார். எப்போதும் இல்லை, நான் அவரோடு பேசாமல் இருக்கிற நாட்களில் மட்டும்.

"சுத்தமா இருக்கான்னு பாத்தேன்."

"உங்க கையைப் பிழிஞ்சா ஒரு வண்டிக்கு ஆயில் மாத்தலாம். வெளிய போங்க."

அப்படிப் பேச வைப்பதுதான் அவர் திட்டம். மறுபடி துடைக்க வேண்டியதுதான். சில முறை அவர் வைத்ததை நான் கவனிக்காமல் போய், கவர் ஓவனிலிருந்து அவருடைய கையோடு வெளியே வந்திருக்கிறது. ரிமூவர் ஊற்றிப் பெயிண்டை உரித்து, திட்டிக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பார்.

ஒரு பல் டாக்டரின் பழைய கார் வந்திருந்தது. அதன் எஞ்சினை இறக்கி, சுத்தம் செய்து, திரும்பப் பூட்டி, வால்வுகளின் இடைவெளியை ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் திருகிச் சரியாக வைத்து முடித்தார். மூடி மட்டும்தான் பாக்கி. "நீ கவரை அடிச்சுக் குடு, நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியங்களெல்லாம் முடிந்து பட்டறையைத் திறந்தபோது அந்த எஞ்சின் அப்படியே நின்றது. மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தார்கள். தாளுக்கு அடியில் அவர் வைத்த ஸ்க்ரூக்கள் தெரிந்தன. அவர் கை கடைசியாகப் பட்ட இடம் அதுதான். கவரை வைத்து முறுக்கிவிட்டால் இனி அதை யாரும் பார்க்கப் போவதில்லை. கார் கிளம்பிப் போய்விடும். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று யாரிடம் சொல்வது? வேலை என்றால் முடித்துக் கொடுக்க வேண்டும்.

என் நாத்தனார், அவருடைய தங்கை, துணைக்கு வந்து தங்கியிருந்தாள். தையல்காரி. அந்த வீட்டில் தனியாக உட்கார அவளாலும் முடியவில்லை, தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறையில் அண்ணன் வேலை பார்த்த பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். தின்னரில் வெடித்துக் கிடந்த என் கைகளைப் பார்த்துவிட்டுத் தினமும் காலையில் ஒரு கிரீமைத் தேய்த்துவிடுவாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். அவள் அண்ணன் மாதிரியே பிடிவாதம்.

முதல் முறை கவர் ஓவனிலிருந்து வெளியே வந்தபோது நடுவில் ஒரு கையளவு இடம் சுருங்காமல் இருந்தது. சரியாகத் துடைக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு உரித்தேன்.

இரண்டாவது முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துடைத்தேன். கதவை உள்ளே தாழ் போட்டேன். கவர் வெளியே வந்தது. அதே இடத்தில் ஒரு கை. இந்த முறை விரல்கள்கூடப் பிரிந்து தெரிந்தன.

தாழைத் தொட்டுப் பார்த்தேன், போட்டபடியே இருந்தது. அப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது.

"இப்பவும் உங்களுக்கு விளையாட்டுத்தானா?" என்று அறையைப் பார்த்துக் கேட்டேன். ஓவன் ஆறும்போது தகரம் டிக் டிக்கென்று சத்தம் போடும், அது மட்டும்தான் கேட்டது. ஆனால் அன்று முதல் எனக்கு ஒன்று தெரிய ஆரம்பித்தது. துடைத்து முடித்துத் துணியைக் கீழே வைத்த உடனே, பிடரிக்குப் பின்னால் ஒரு சூடு. கருகிய எண்ணெயும் சோப்பும் கலந்த வாசனை. அவர் கைகழுவிவிட்டு வந்தால் அடிக்கும் வாசனை அது. நான் திரும்பமாட்டேன். திரும்பினால் இருக்கமாட்டார் என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிற்பேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறக்கும்போது எல்லாம் அடங்கியிருக்கும். கையுறையைக் கழற்றியிருப்பேன். கையுறை போட்டுக்கொண்டு கன் பிடிக்க எனக்கு வராது, எப்போதும் கழற்றிவிட்டுத்தான் அடிப்பேன்.

அப்புறம் எத்தனை முறை உரித்தேன், எத்தனை முறை அடித்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கை வந்தது. அது வரும் என்ற தைரியத்தில்தான் காலையில் எழுந்தேன். தலை சீவினேன். நாத்தனார் போட்டதைச் சாப்பிட்டேன். பட்டறைக்குப் போகிறோம் என்று நினைத்தாலே கால் முந்திக்கொண்டது.

பல் டாக்டர் போன் செய்தார். வலிக்காது, வலிக்காது என்று சொல்லியே பழகிய குரல் அவருக்கு. "அவசரமே இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்."

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும் டாக்டர். அவர் இன்னும் முடிக்கல."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார். நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. தையல் மெஷின் நின்றுபோனது மட்டும் காதில் விழுந்தது.

மறுநாள் கவரை ஓவனிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோது நாத்தனார் கூப்பிடாமலே உள்ளே வந்தாள். ஆறும்வரை மேசை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்து, சுருங்காத இடத்தின்மேல் வைத்து அளந்தாள். நீளம், அகலம், கட்டைவிரல் தொடங்கும் இடம்.

"அண்ணி, இது அண்ணன் கை இல்ல."

"ஓரத்துல பெயிண்ட் உள்ள நகரும். அதனால சின்னதாத் தெரியும். பெயிண்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"பெயிண்டைப் பத்தித் தெரியாது. அண்ணனுக்குச் சட்டை தைச்சவ நான். அவன் மணிக்கட்டே இந்த அகலம் இருக்கும்."

"அப்ப யாரு? நீயா வந்து வெச்சே?"

அவள் என் இடது கையைப் பிடித்தாள். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. விரல்களைப் பிரித்து அந்த இடத்தில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டிக் கோணலாகிப்போன என் சுண்டுவிரல், அந்தக் கோணலிலேயே போய் உட்கார்ந்தது.

"கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். துடைச்சு முடிச்சதும் கையுறையைக் கழட்டுறீங்க. கண்ணை மூடிட்டு, இந்தக் கையை அதுமேல வெச்சுட்டு நிக்கறீங்க. ரொம்ப நேரம் நிக்கறீங்க. காலையில தேய்ச்ச கிரீம்தான் அண்ணி இது."

"அப்பவே ஏன் சொல்லல?"

அவள் டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "சொன்னா நிறுத்திடுவீங்க. நீங்க வெக்கறீங்கன்னு தெரிஞ்சும், வெளிய வர்றப்போ அண்ணன் கை மாதிரித்தான் எனக்கும் இருந்துச்சு. நேத்து டாக்டர்கிட்ட அவர் இன்னும் முடிக்கலன்னு சொன்னீங்க பாருங்க. அதுல பயந்துட்டேன்."

எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. என் வீட்டிலிருந்து ஒருவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் போட்ட சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன். கிரீம் டப்பாவைத் தூக்கிக் குப்பையில் எறிந்தேன். கிடந்துகிடந்து யோசித்தால், கை சின்னது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். ஓரத்துப் பெயிண்ட் அவ்வளவு தூரம் நகராது. நான் யாருக்குக் காதில் பூச்சுற்றினேன்? இந்தத் தொழிலில் ஊறியவள், எனக்கேதான்.

காலையில் கவரை உரித்தேன். ஸ்க்ரூ ஓட்டைகளையும் ஓரங்களையும் டேப் ஒட்டி மறைத்தேன். பிறகு கதவைத் திறந்து, யாரையும் விடாத அந்த அறைக்குள் நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"தலையைக் கட்டிக்கோ. மூக்கை மூடிக்கோ. நான் துடைச்சு முடிச்சதும் என் இடது கையைப் பிடி. நான் என்ன சொன்னாலும் விடாதே."

துடைத்தேன். துணியை வைத்தேன். கையுறையைக் கழற்றினேன். அவள் இரண்டு கைகளாலும் என் கையைப் பற்றிக்கொண்டாள். பிடரியில் சூடு வந்தது. வாசனை வந்தது. தெரிந்துவிட்டால் வராது என்று நினைத்திருந்தேன், முன்னைவிடக் கிட்டத்தில் வந்தது. இடது கை எழும்பியது. நான் எழுப்பவில்லை. நாத்தனார் காலை ஊன்றி இழுத்தாள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அந்தக் கை கவரின் பக்கம் கொண்டுபோனது.

"விட்டுடு" என்றேன்.

"மாட்டேன் அண்ணி."

அவள் அழுதுகொண்டே பிடித்திருந்தாள். அந்த இழுப்பு முழுக்க என்னுடையதுதானா என்று என்னால் இன்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் அது தளர்ந்தது. கை வெறும் கையாகத் தொங்கியது. வலது கையால் கன்னை எடுத்து அடித்தேன். நெடுக்காக, குறுக்காக, மூலைவாட்டில். அவள் பிடியை விடவே இல்லை.

கவரை ஓவனுக்குள் வைத்துவிட்டு இரண்டு பேரும் அதன் கண்ணாடி முன்னால் தரையில் உட்கார்ந்தோம். முதலில் ஓரங்கள் சுருங்கின. பிறகு நாலு பக்கத்திலிருந்தும் சுருக்கம் உள்ளே வந்தது. நடுவில் ஒரு கையளவு இடம் கடைசிவரை ஈரமாகப் பளபளத்தது. நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "இருங்க, இன்னும் கொஞ்சம் இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேலை கெட்டுப்போக வேண்டும் என்று ஒரு பெயிண்டர் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும். பெயிண்ட் அதன் வேலையைச் செய்தது. அந்த இடமும் மெதுவாகச் சுருங்கி, மற்ற இடத்தோடு சேர்ந்து, எது அந்த இடம் என்று தெரியாமல் போனது.

நான் அடித்ததிலேயே நன்றாக வந்த கவர் அதுதான்.

நன்றாக இறுகிய பிறகு, கவரின் வார்ப்பிலேயே மேடாக எழும்பி நிற்கும் வரிகளை மட்டும் எமரி பேப்பரால் தேய்த்து உலோகம் தெரிய விட்டேன். பிளாஸ்டிக் தாளை நானே எடுத்தேன். அவர் வைத்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்து முடிந்ததும் கவரை வைத்தேன், போல்ட்டுகளை முறுக்கினேன். நாத்தனார் விளக்குப் பிடித்தாள்.

பல் டாக்டர் வந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ஒரு தடதடப்பு இல்லை. என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால், பெருமையை மறைத்து முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டிருப்பார். டாக்டர் இறங்கி வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கையை நீட்டிவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

"தொட்டுப் பாக்கலாமாம்மா?"

"தொடுங்க டாக்டர். இனிமே யார் கை வெச்சாலும் ஒண்ணும் ஆகாது."

அவர் ஒரு விரலால் தொட்டார். நான் கை வைக்கவில்லை.