அம்மா என்று கூப்பிட்டவன்

போன் திரையில் வந்த எண்ணை அவள் இரண்டு தடவை படித்தாள். முன்னால் கூட்டல் குறி, அதன் பின்னால் கண்டறியாத எண்கள். பச்சை அங்கியோடு ஆபரேஷனுக்குக் காத்துப் படுத்திருந்த கணவருக்குக் கேட்காதபடி நாலடி தள்ளிப்போய் எடுத்தாள்.

“அம்மா, நான்தான்.”

“எந்த நான்?”

“குரல் தெரியலையாம்மா? ஓட்டலை விட்டு வெளியே வந்துட்டேன், வைஃபை இல்ல. இந்த ஊர் சிம் போட்டிருக்கேன். அப்பாவை உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்களா?”

அச்சு அசல் மகனின் குரல். அதுவே அவளை உஷாராக்கியது. வேலை விஷயமாக வெளிநாடு கிளம்பிய அன்று அவன்தான் பாடம் எடுத்துவிட்டுப் போனான். தெரியாத எண்ணில் பேச்சுக் கொடுக்கக் கூடாது, இப்போதெல்லாம் குரலைக்கூட மெஷினில் செய்துவிடுகிறார்கள் என்று.

போதாததற்கு இவன் அம்மா என்கிறான். அவள் பெற்ற பிள்ளை அவளை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. கொழுந்தன் சின்ன வயதிலிருந்து அவர்கள் வீட்டில் வளர்ந்தவன். அவன் வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்றதைக் கேட்டே பேசப் பழகிய பிள்ளைக்கும் அவள் அண்ணியாகிப்போனாள். மீசை முளைத்த பிறகும் அது மாறவில்லை.

“யாருப்பா நீ? அவர் ஆஸ்பத்திரியில இருக்கிறதை உனக்கு யார் சொன்னா?”

“என்னம்மா நீங்க...”

தூரத்திலிருந்து கொழுந்தன் அண்ணி என்று குரல் கொடுத்தான். துண்டித்துவிட்டாள். கொழுந்தன் ஓடிவந்தான்.

“யாரு அண்ணி?”

“உன் அண்ணன் மகனாம். என்னை அம்மாங்கிறான்.”

“அம்மாவா? அப்ப சந்தேகமே இல்ல, ஃபிராடு. குடுங்க இங்க.” போனை வாங்கி எதையெதையோ அழுத்தினான். “பிளாக் பண்ணிட்டேன். இனி தலைகீழா நின்னாலும் கூப்பிட முடியாது.”

“யாரு அது?” என்றார் கணவர்.

“எவனோ ஏமாத்துக்காரன். நம்ம பையன் மாதிரியே பேசுறான். ஆனா அம்மாங்கிறான்.”

அவர் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. “பக்கத்துல ஆபீஸ் ஆளுங்க யாராவது நின்னிருப்பாங்க. பெத்தவளை அண்ணிங்கிறான்னு சிரிக்கமாட்டாங்களா? அவனைக் கூப்பிடு. உள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிக்கறேன்.”

மகனின் பழைய எண் அணைந்து கிடந்தது. அவள் போனில் வெளிநாட்டுக்குக் கூப்பிடும் வசதி இல்லாததால் புது எண்ணுக்கு அழைப்பு போகவில்லை. அவனே கூப்பிட்டால்தான் உண்டு. கொழுந்தனோ போட்ட தடையை எடுக்கத் தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்தான்.

“பூட்டத் தெரிஞ்சவனுக்குத் திறக்கத் தெரியலையா?” என்றார் அண்ணன்காரர்.

அட்டெண்டர் வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளத் தொடங்கினார். “ரெண்டு நிமிஷம் பொறுங்க, பையன் கூப்பிடுவான்” என்று அவள் கெஞ்சியதற்கு, “டாக்டர் என்னைத்தாம்மா திட்டுவார்” என்றார்.

கொழுந்தன் எப்படியோ தடையை எடுத்துவிட்டான். கதவை நெருங்கும்போது போன் அடித்தது.

“நான்தான் அண்ணி. ஏன் கட் பண்றீங்க?”

அப்போதும் அவளுக்கு அரை மனசுதான். முதல் தடவை லைனில் இருந்தபோது கொழுந்தன் அண்ணி என்று கூப்பிட்டது இவன் காதில் விழுந்திருக்குமோ? ஆனாலும் கணவரின் கண்கள் போன்மீதே இருந்தன. போனை அவர் காதில் வைத்துவிட்டாள்.

“ம்... சாப்பிட்டியா?... ம்...”

“போன் உள்ளே ஆகாது சார்.” அட்டெண்டர் அதை எடுத்து அவள் கையில் திணித்தார். கதவு மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் பேச்சு நிற்கவில்லை. அவள் தன் காதில் வைத்தாள்.

“...நேத்து டாக்டர் என்கிட்ட சொன்னதை அண்ணிகிட்ட நான் மூச்சு விடலப்பா. பிழைக்கிறது பாதிக்குப் பாதிதான்னு தெரிஞ்சா அவங்க தாங்கமாட்டாங்க. நீங்களும் சொல்லலதானே? சித்தப்பாவும் வாயைத் திறக்கமாட்டேன்னு சொல்லியிருக்கார்.”

கொழுந்தன் பக்கத்தில் வந்து குனிந்தான். “நம்ம பையன்தானா அண்ணி? நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா?”

அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்லாக் கேட்டுக்கிட்டேன். நம்ம பையன்தான்” என்றாள். “நீங்க மூணு பேரும்தான் யாருன்னு தெரியல.”