எறும்பு செத்த பால்

அந்தி சாய்ந்தால் போதும், வெரோனிகாவின் மகன் தொண்டையைத் திறந்துவிடுவான். காலிரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, கையை முறுக்கிக்கொண்டு, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போகும்வரை கத்துவான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அந்த வரிசை மொத்தத்துக்கும் கேட்கும். ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று. வசம்பு உரைத்துத் தடவியாயிற்று. உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டியும் பார்த்தாயிற்று. அந்தோனியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டதும் வீண். வாலண்டைன் என்று ஞானஸ்நானம் பெற்ற அந்தப் பயல் ஒன்றுக்கும் மசியவில்லை.

பால் கொடுப்பதாவது சுகமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பிள்ளை பிறந்ததும் சுரந்த மஞ்சள் பால் ஆகாது என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் சர்க்கரைத் தண்ணீரில் ருசி கண்ட பிள்ளை, மார்பைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் காம்பைக் குதறினான். வெடித்து ரத்தம் கசிந்தது. அவன் வாய் வைக்கும்போதெல்லாம் வெரோனிகா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்ப்பாள். உங்களுக்கு இப்படியெல்லாம் வலிக்கலையா தாயே என்று கேட்கத் தோன்றும். பாவம் வந்துவிடுமோ என்று கேட்காமல் விட்டுவிடுவாள்.

கொட்டச் சொன்னவள் உர்சுலா. புருஷன் கிரிகரியின் அக்கா. கிள்ளானில் வாழ்க்கைப்பட்டு, பெற்ற இரண்டையும் கைக்குழந்தையாகவே குழியில் வைத்து, கட்டியவனும் போய்ச் சேர்ந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தாயில்லாத கிரிகரியை வளர்த்தவளும் அவள்தான். கிரிகரி கிள்ளான் போகும் வண்டியில் கார்டு. ஒரு முழு ரயிலைப் பச்சைக்கொடி காட்டி நகர்த்துகிற மனுஷன், வீட்டில் அக்கா தலையசைக்காமல் ஒரு முக்காலியை நகர்த்தமாட்டான். அப்படியொரு பாசம்! நாசமாய்ப் போன பாசம்.

அழுகை தொடங்கியதும் உர்சுலாவின் விசாரணையும் தொடங்கும்.

"என்ன தின்னே? பலாச்சுளை தின்னியா?"

"இல்ல மதினி. நீங்க போட்ட ரசஞ்சோறுதான்."

"ஐஸ் தண்ணி குடிச்சியா? கோவத்தோட பால் கொடுத்தியா?"

"இல்ல மதினி."

"அப்போ உன் பால்லதான் என்னவோ இருக்கு."

ஒரு சாயங்காலம் கிரிகரி சட்டையைக் கழற்றக்கூட இல்லை, உர்சுலா ஒரு பீங்கான் தட்டோடு வந்து நின்றாள். அதில் வெரோனிகாவைப் பால் பீய்ச்சச் சொன்னாள். அடுக்களைச் சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு கட்டெறும்பைப் பிடித்து வந்து பாலில் விட்டாள். எறும்பு நீந்திக் கரையேறினால் நல்ல பால். செத்து மிதந்தால் விஷப் பால். உர்சுலாவுக்குத் தெரிந்த சட்டம் அதுதான். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். எறும்பு காலை உதைத்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு அப்படியே நின்றுவிட்டது.

"சேசு மரி சூசை!" என்று நெஞ்சில் கை வைத்தாள் உர்சுலா. "பாத்தியாடா தம்பி? புள்ள ஏன் துடிக்குதுன்னு இப்போ தெரியுதா?"

வெரோனிகா தலையை நிமிர்த்தினாள். "என்னங்க, ஒரு எறும்பு செத்ததுக்கா..." என்று புருஷனைப் பார்த்தாள்.

கிரிகரி தட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். மனைவியை மட்டும் பார்க்கவில்லை. "அக்காவுக்குத் தெரியாததா?" என்றான்.

மறுநாளே பாசார்க் கடையிலிருந்து டின் பாலும் ரப்பர் காம்பு வைத்த போத்தலும் வந்தன. கூடவே மல்லிகைச் சரமும் வந்தது. மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்று உர்சுலா துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு வெரோனிகாவுக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் மல்லிகை அதுதான். மார்பு கல்லாகக் கனத்தது. காய்ச்சல் அடித்தது. பின்கட்டு வாய்க்காலில் யாரும் பார்க்காமல் பீய்ச்சிவிட்டுத் துணியை மறுபடி கட்டிக்கொள்வாள். தன் பிள்ளையின் சோறு சாக்கடையில் போவதைப் பார்க்க அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், பயலின் அழுகை மெல்ல அடங்கிவிட்டது! மாதம் ஏற ஏற எந்தப் பிள்ளைக்கும் தானாகவே ஓய்ந்துபோகிற அழுகைதான். ஆனால் நல்ல பெயரை டின் தட்டிக்கொண்டு போய்விட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று உர்சுலா வரிசை முழுக்கச் சொல்லி வந்தாள். பிள்ளை அவள் பக்கத்திலேயே தூங்கினான். வெரோனிகாவின் பங்குக்கு அவனுடைய ஈரத்துணிகள் வந்தன, துவைப்பதற்கு.

அடுத்த வீட்டு இராஜம்மாவுக்கு அப்போதுதான் பெண் பிறந்திருந்தது. அவள் புருஷன் தம்புசாமிக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. இராஜம்மாவுக்குப் பிள்ளை பெற்ற கையோடு குளிர்காய்ச்சல் கண்டு, ஒரு சொட்டுப் பால் இல்லை. அந்தக் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் ஈனக்குரலில் முனகும். பலகைச் சுவர் வழியாக அந்த முனகல் கேட்டபோதெல்லாம் வெரோனிகாவின் ரவிக்கை நனைந்தது. உர்சுலா காலைப் பூசைக்குப் போயிருந்த ஒரு நாள் அவளால் தாங்க முடியவில்லை. பின்வாசல் வழியாக இராஜம்மா வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

"எங்கிட்ட பால் இருக்கு இராஜம்மா. ஆனா விஷமாம். எறும்பு செத்துப்போச்சு."

போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தவள் தலையை மட்டும் தூக்கினாள். "எறும்பா? பாயசத்துல உழுந்தாலும் எறும்பு சாகும். அதுக்காகப் பாயசத்தைக் கொட்டிருவாங்களா? அடி போடி பைத்தியக்காரி! எம்புள்ள பட்டினியா சாவறதுக்கு உன் விஷத்தைக் குடிச்சே சாவட்டும், எடு."

குழந்தை வாயை அகலத் திறந்து கவ்வியது. இழுத்தது. விழுங்கியது. ஆறியிருந்த காம்பில் வலியே இல்லை. வலிக்கவில்லை என்பதற்காகவே வெரோனிகா தேம்பித் தேம்பி அழுதாள். இவ்வளவுதானா? இதற்கா இவ்வளவு பாடு?

அன்றிலிருந்து உர்சுலா பூசைக்குப் போகும்போதும் மதியம் கண்ணயரும்போதும் அவள் அடுத்த வீட்டுக்குப் போய் வந்தாள். இராஜம்மா எழுந்து நடமாடத் தொடங்கியும் அவளுக்குப் பால் ஊறவில்லை. ஆனால் குழந்தைக்குக் கன்னத்தில் சதை வைத்தது, தொடையில் மடிப்பு விழுந்தது. அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெரோனிகா ஒன்றை நினைத்துக்கொண்டாள். இதைக் காட்டினால் போதும். என் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிகரி வீட்டில் இருந்தான். இராஜம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். உர்சுலா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"அடேயப்பா, நெய்க்கொழுக்கட்டையாட்டம் இருக்கு! என்னடி கொடுக்கற இதுக்கு?"

இராஜம்மா வெரோனிகாவைப் பார்த்தாள்.

"என் பால்தான் மதினி" என்றாள் வெரோனிகா. "நீங்க விஷம்னு சொன்ன பால்."

உர்சுலா குழந்தையைச் சட்டென்று தாயிடம் திருப்பிக் கொடுத்தாள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன் வெரோனிகா அடுக்களைக்குள் போய் இரண்டு தட்டுகளோடு வந்தாள். ஒன்றில் போத்தலிலிருந்த டின் பாலை ஊற்றினாள். இன்னொன்றில் வெறும் தண்ணீர். இரண்டிலும் எறும்பு விட்டாள்.

இரண்டும் செத்தன.

"தண்ணியும் விஷமா மதினி? சொல்லுங்க. உங்க டின்னும் விஷமா?"

கிரிகரி எழுந்தான், உட்கார்ந்தான். "அக்கா..." என்றான்.

உர்சுலா தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்தது யாரும் எதிர்பார்க்காதது.

"அப்போ எம்புள்ளைங்க?"

உர்சுலா செத்த எறும்பை விரலால் தொட்டாள்.

"எம்மாமியார் எனக்கும் இப்படித்தான் எறும்பு விட்டுப் பாத்தாங்க. செத்துச்சு. நானும் நம்பிட்டேன். மார் கட்டிக்கிட்டு உசுரு போற வலி. இந்தக் கழுத மாருதானே விஷம், வலிக்கட்டும்னு இருந்தேன். ரெண்டும் கஞ்சித்தண்ணியில வாடி வாடித்தான்டி போச்சு. அப்போ எம்பால்ல ஒண்ணுமில்லையா? ஒண்ணுமே இல்லையா?"

எத்தனையோ நாளாக மனதுக்குள் தீட்டித் தீட்டி வைத்திருந்த வசவுகள் வெரோனிகாவின் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றை எங்கே கொட்டுவது? எதிரில் நின்றவளுக்கு இனி யார் என்ன சொன்னாலும் உறைக்காது. இராஜம்மா மகளைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவிவிட்டாள். உர்சுலா உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த வாலண்டைனைத் தூக்கிவந்து வெரோனிகாவின் மடியில் வைத்தாள். "இந்தா. உம்புள்ள" என்றாள்.

வெரோனிகா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ரவிக்கையை விலக்கினாள். பிள்ளை விழித்து வாயை வைத்தான். உடனே முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தாள். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினான். இந்தப் பக்கம் மாற்றினாள், அந்தப் பக்கம் மாற்றினாள், பாலை அவன் உதட்டில் பீய்ச்சினாள். துப்பினான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ரப்பர் காம்பும் டின்னின் தித்திப்பும்தான். அன்று மட்டுமல்ல, மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே. கொலைப் பட்டினியாகக் கிடந்தாலும் தாயின் மார்பைக் கண்டதும் அலறினான். பழைய அந்தி அழுகையைவிடக் கேவலமான அழுகை. அழுது அழுது குரல் கம்மிப்போய், உர்சுலாவை நோக்கித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கடைசியில் வெரோனிகாவேதான் சொன்னாள்.

"மதினி, போத்தலைக் கலக்குங்க."

உர்சுலா கண்ணைத் துடைத்துக்கொண்டே கலக்கினாள். பிள்ளை அவள் மடியில் படுத்து, போத்தலைக் காலி செய்து, ஏப்பம் விட்டான். பிறகு வெரோனிகாவைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான். அடுத்த வீட்டு அக்காவைப் பார்த்துச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

சுவருக்கு அப்பால் இராஜம்மாவின் மகள் சிணுங்க ஆரம்பித்தாள். வெரோனிகாவின் ரவிக்கை நனைந்தது. எழுந்து பின்வாசலுக்கு நடந்தாள்.

"எங்க போற?" என்றான் கிரிகரி. அவன் குரலில் முதல் தடவையாக ஒரு பயம் இருந்தது.

"என் பாலைக் குடிக்கிற புள்ளைகிட்ட" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.