தண்ணீர் அறையில் முப்பத்தெட்டு

உச்சி வெயிலில் பேய் நடமாடும் என்பார்கள். அனல் மின் நிலையத்துக் கரி யார்டு மேஸ்திரி அதை நம்புகிற ஆள் இல்லை. இந்த வெயிலில் பேய்க்கே கால் பொசுங்கும் என்று கேலி பேசியவர். ஆனாலும் போன கோடையிலிருந்து, பன்னிரண்டு மணிக்கு மேல் தண்ணீர் அறைக்குள் போனால் அவருக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. யாரோ கண்ணாடியை விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். டொக், டொக், டொக். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். வடக்குச் சுவரில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், தெர்மாமீட்டர் மட்டும் தொங்கும். அதன் சிவப்பு நூல் முப்பத்தெட்டில் நிற்கும்.

வெளியே முப்பத்தெட்டு இல்லை என்பது யார்டில் எல்லோருக்கும் தெரியும். செருப்பில்லாமல் நாலடி வைத்தால் நாய்க்கும் தெரியும்.

அந்தத் தெர்மாமீட்டர் முதலில் வாசல் கம்பத்தில், பொட்டவெளியில் இருந்தது. நாற்பத்திரண்டைத் தொட்டால் மேஸ்திரி சைரன் அடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் யாரும் வெயிலில் நிற்கக் கூடாது. மின் நிலையத்தின் விதி அது. விதி எழுதிய காலத்தில் நாற்பத்திரண்டு என்பது வருஷத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் வந்து போகிற விருந்தாளி. பிறகு அது பாயைப் போட்டுப் படுத்துவிட்டது. மூன்று மாசம், அன்றாடம் சைரன். நின்றுபோன இரண்டு மணி நேரத்தைச் சாயங்காலம் ஈடுகட்ட வேண்டும். ஐந்து மணி வண்டி போய்விடும். அப்புறம் கரி லாரியில் தொற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கியிருக்கும்.

தெர்மாமீட்டரைக் கழற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை. நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள் டீ வேளையில் இவர்களே கூடிப் பேசினார்கள், மேஸ்திரி ஸ்குரூ டிரைவரை எடுத்தார், அவ்வளவுதான். தண்ணீர் அறையில் மாட்டி முடித்ததும் கைதட்டல். மேஸ்திரியின் மைத்துனன்தான் எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து கண்ணாடியை மூன்று தட்டுத் தட்டிப் பார்த்தான்.

"சுகமா இருக்காரு மாமா. காய்ச்சல் எறங்கிருச்சு."

அறையே சிரித்தது. பொறியாளர் தண்ணீர் குடிக்க வந்தார், சுவரைப் பார்த்தார், குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சைரன் அடிக்கவே இல்லை.

மைத்துனனுக்கு வாய் சும்மா இருக்காது. கரி ரயிலில் வரும், புல்டோசர் அதைத் தள்ளும், பெல்ட் கொதிகலனுக்குக் கொண்டுபோகும். அந்த பெல்ட் ஓடுகிற நீளமான தகரக் குகைக்குக் கூண்டு என்று பெயர். அதற்குள் சிந்துகிற கரியைக் குனிந்து கூட்டி அள்ளுவது அவன் வேலை. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல்வான். வெயில் ஏறினால் ஊருக்குக் கரண்டு அதிகம் வேண்டும், கரண்டுக்குக் கரி அதிகம் எரிய வேண்டும், கரி எரிந்தால் வெயில் இன்னும் ஏறும், ஆக நாம் சூரியனுக்கு விறகு அள்ளிப் போடுகிறோம் என்பான். சிரிப்பார்கள். புல்டோசர்காரர் மட்டும், "அதுக்குன்னு வெறகுக்கட்டய கீழ போட்டுறாத, என் வீட்டு ஏசி நின்னுரும்" என்பார். அதற்கும் சிரிப்பார்கள்.

போன கோடையில் ஒரு நாள் மத்தியானம் அவன் கூண்டிலிருந்து வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தபோது கையில் மண்வெட்டியோடு கரிமேல் குப்புறக் கிடந்தான். தொட்டால் சுட்டது. வியர்வை ஒரு சொட்டு இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், வெளியே எத்தனை டிகிரி இருந்தது என்று கேட்டார். முப்பத்தெட்டு என்றார் மேஸ்திரி. டாக்டர் பேனாவை நிறுத்தி அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு அதையே எழுதிக்கொண்டார்.

மேஸ்திரியின் மனைவிக்கு அவன் கூடப் பிறந்த தம்பி, ஒரே தம்பி. பதினாறாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவளும் அதையே கேட்டாள். அவர் அதையே சொன்னார்.

"முப்பத்தெட்டுல மனுசன் சாவானா? நேத்து முப்பத்தெட்டுல நான் மாடியில துணி காயப் போட்டேன்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. டிவியில் ஒரு பெண், இதுவரை இல்லாத வெயில், அடுத்த வருஷம் இதைவிட என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் அதே குரல் கேட்டது, உடனே மாற்றினார்கள், மேட்ச் ஓடியது. தெருவில் வீட்டுக்கு வீடு ஏசி. முன்னால் அறைக்குக் குளிர், பின்னால் சந்தே அடுப்பு. மேஸ்திரி வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அது ஓடுகிற சத்தத்தில் படுத்துக்கொண்டு, நம்ம யார்டு கரிதான் இது என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொண்டே போர்வையை இழுத்துக்கொள்வார்.

இந்தக் கோடையில் செத்தவன் வேலையை அவன் பெண்டாட்டிக்குக் கொடுத்தார்கள். அதே கூண்டு, அதே மண்வெட்டி. ஹெல்மெட்கூட அவனுடையதுதான், வார் மட்டும் இறுக்கிக் கட்டியிருந்தாள். முதல் நாள் அவள் குனிந்து கூண்டுக்குள் நுழைவதை மேஸ்திரி பின்னாலிருந்து பார்த்தார். ஹெல்மெட் உள்ளே போயிற்று, இருட்டில் மறைந்தது. தண்ணீர் அறைக்கு ஓடினார். டொக், டொக், டொக்.

மறுநாள் காலை, யாரும் வருமுன்னே, தெர்மாமீட்டரைக் கழற்றி வாசல் கம்பத்தில் பழைய ஓட்டையிலேயே மாட்டினார். பதினொன்றரைக்கு அது நாற்பத்தேழு காட்டியது. சைரன் அடித்தார்.

இத்தனை வருஷம் கழித்துக் கேட்டதில் பாதிப் பேர் தீப்பிடித்துவிட்டதென்று ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் முகங்கள் தொங்கிப் போயின. போனில் பொறியாளர் சத்தம் போடவில்லை. ஊரெல்லாம் ஏசி ஓடுகிற நேரம் பார்த்து அடித்திருக்கிறீர்களே என்று வருத்தமாகத்தான் கேட்டார். கொதிகலன் தொட்டியில் இருப்புக் கரி இருந்தது. பெல்ட் நின்றது, புல்டோசர் நின்றது, ஆட்கள் நிழலில் உட்கார்ந்தார்கள். புகைபோக்கி மட்டும் அது பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி அவளைக் கம்பத்தருகே கூப்பிட்டார்.

"தங்கச்சி, இது இங்கதான் இருக்கணும். அவன் செத்த அன்னைக்கும் இங்கதான் இருந்திருக்கணும். உள்ள கொண்டுபோய் மாட்டினது நான்."

அவள் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ணே. அன்னைக்கே வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சாரு. கம்பத்துல ஏணியப் புடிச்சதே அவருதானாமே."

ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கி வைத்தால், அது இறங்கின இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. வீட்டில் மனைவியிடமும் அன்று சொன்னார். அவள் சோறு போட்டுவிட்டு எழுந்து, ஏசியை அணைத்தாள். பத்து நிமிஷம் இருவரும் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அவளே போட்டாள்.

மறுநாள் வந்து பார்த்தால் கம்பத்தில் வெறும் ஓட்டை. மேஸ்திரி நேரே புல்டோசர்காரரிடம் போனார்.

"என்னை ஏன்யா மொறைக்கிற? கழட்டணும்னுதான் வந்தேன். எனக்கு முன்னாடி வேற ஆள் முந்திருச்சு."

தண்ணீர் அறையில் அவள் நின்றிருந்தாள். தெர்மாமீட்டர் வடக்குச் சுவரில் இருந்தது. கடைசி ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்ணே. நேத்து புள்ள ரெண்டு மணி நேரம் பூட்டின வீட்டு வாசல்ல உக்காந்திருந்தா. கதவத் தொட்டா சுடுதும்மாங்கிறா. நெழல் தேடி யார் வீட்டுக்குன்னு போவா? எனக்கு அஞ்சு மணி வண்டி வேணும்."

"அவன் போனது இதாலதாம்மா."

"தெரிஞ்சுதான் மாட்டுறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போட்டாயா என்று கேட்டால் போட்டேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு ஸ்குரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தாள். அவருடையதுதான், பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறாள்.

மேஸ்திரி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடி கழற்றலாம். கழற்றினால் சாயங்காலம் அந்தக் குழந்தை மறுபடி சுடுகிற கதவோரம் உட்காரும், நாளைக் காலை இது மறுபடி இங்கே வந்துவிடும். வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டார்.

"ஒண்ணு மட்டும் செய்யி. உள்ள இருக்கறப்ப, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா மண்வெட்டியால தூணை மூணு தட்டுத் தட்டு. நான் வெளிய நிக்கிறேன். சத்தம் வரலேன்னா உள்ள வந்துருவேன்."

அவள் தலையாட்டிவிட்டு ஹெல்மெட் வாரை இறுக்கினாள்.

பன்னிரண்டு மணிக்கு மேஸ்திரி கூண்டு வாயில் நின்றார். பின்னால் பதினைந்து எட்டு தூரத்தில் தண்ணீர் அறை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து, கரண்டு லோடு ஏறுகிறது, கரி தள்ளுங்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. புல்டோசர் தள்ளியது. பெல்ட் ஓடியது. கரிக் குவியலின் உச்சியில், வெக்கையில் தானாகவே கனன்ற இடத்திலிருந்து, ஒல்லியாக ஒரு புகை நேரே எழுந்து நின்றது. காற்று இல்லை.

முதல் தட்டுகள் வந்தன. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. மூன்றாம் முறை தாமதமாயிற்று. பெல்ட் இரைச்சலில் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்தார். இல்லை, கைவேலையில் மறந்திருப்பாள். உள்ளே எட்டிப் பார்த்தார். கரித்தூசியும் இருட்டும்தான். தலையை உள்ளே நீட்டியதும் வெக்கை முகத்தில் அறைந்தது. ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார்.

டொக், டொக், டொக்.

அப்படியே நின்றார். அது முன்னாலிருந்து வந்ததா, பின்னாலிருந்து வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.