அவசரமில்லீங்க

எங்கள் ஊர் பாங்குக்கு அறுபது வயது ஆனது 1994இல். விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலையை மேனேஜர் சசிதர் என் தலையில் கட்டினார். நான் நன்றாக எழுதுவேனாம். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் நிஜம்.

எனக்கு அதில் ஒரு பக்கம்தான் முக்கியம். 1961இல் ஒரு சனிக்கிழமை மதியம், வெங்கடபதி என்ற மில் முதலாளியை லாக்கர் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். திருப்பதி போவதாகச் சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் தேடவில்லை. திங்களன்று திறந்தபோது உயிர் போயிருந்தது. பூட்டிய குமாஸ்தா என்னைப் பெற்ற அத்தா, யாகூப்.

பூட்டுவதற்கு முன் மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்பது எங்கள் பாங்கின் விதி. கூப்பிட்டேன், பதில் வரவில்லை என்று அத்தா முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர் நம்பவில்லை. நான் நம்பினேன். கண்ணை மூடுவதற்குள் அந்த ஒரு வரியை அச்சில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

எழுதி முடித்த சனிக்கிழமை, சசிதர் தன் சாவியால் ஒரு பூட்டைத் தயாராக்கிவிட்டு ஆர்.எஸ்.புரம் கிளம்பிப் போனார். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்; பூட்ட என் சாவி மட்டும் பாக்கி. லாக்கர் பொறுப்பு எனக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அன்று வந்த எல்லோரும் வெளியேறிய நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே போய் ஒவ்வொரு மூலையும் பார்த்துவிட்டு வந்து, வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"ஏனுங்க, உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க. அவசரமில்லீங்க, ராத்திரிதானுங்க ரயிலு."

வயதான குரல், ரொம்ப மரியாதையான குரல். மறுபடி உள்ளே ஓடினேன். இரும்புப் பெட்டிகளும் ஒரு ஸ்டூலும்தான் இருந்தன. வெளியே வந்து இரண்டாம் தடவை கூப்பிட்டேன். அதே பதில், அதே நிதானம். மூன்றாம் தடவை கூப்பிட வாய் வரவில்லை. பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அத்தா கட்டிலில் உட்கார்ந்து, எழுதியாகிவிட்டதா என்று கேட்டார். நான் வேறொன்றைக் கேட்டேன்.

"ராத்திரிதான் ரயிலுன்னு சொன்னாராங்க, அத்தா?"

அவர் முகம் செத்துப்போனது. பிறகு சொன்னார். கல்யாணத்துக்கு நேரமாயிற்று என்று அன்றைய மேனேஜர் அவசரப்படுத்தினாராம். அவர் தன் சாவியோடு போன பிறகு, இவர் தன் சாவியையும் திருப்பிவிட்டு, அப்புறம்தான் கூப்பிட்டாராம். பதில் வந்ததும் பஸ் ஏறிக் கல்யாண வீட்டுக்கு ஓடியிருக்கிறார். மேனேஜர் பந்தியில் இருந்தார். சாப்பிடுகிறவரை எழுப்புவது மரியாதையில்லை என்று காத்து நின்றார். அதற்குள் மேனேஜர் யாருடைய காரிலோ மதுக்கரைக்குப் போய்விட்டார். வேலை போய்விடுமே என்று அத்தா யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"அவருதான் அவசரமில்லைன்னாருங்க கண்ணு," என்று அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவரை அடிக்கக்கூடத் தோன்றியது. தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

மலர் வந்துவிட்டது. பதில் வரவில்லை என்ற வரி அதில் இருக்கிறது. அத்தா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். லாக்கர் அறையை இப்போதும் நான்தான் பூட்டுகிறேன். கூப்பிடுவதில்லை.