நட்டின் மேல் நகப்பூச்சு

மூன்று மாதமாக மெக்கானிக்குக்குத் தன் மச்சினன் மேல் சந்தேகம். சாதாரணச் சந்தேகம் இல்லை. அவன் தும்மினால்கூட அதில் ஏதோ உள்குத்து இருப்பதாகப் பட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. பட்டறை அவருடையது. பெண்டாட்டியின் தம்பியாயிற்றே என்று கூடச் சேர்த்துக்கொண்டார். இப்போதோ வருகிறவர்கள், "தம்பி இல்லையா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். இருபத்திரண்டு வருஷம் கிரீஸில் ஊறிய மனிதருக்கு எப்படி இருக்கும்?

போதாக்குறைக்கு பாலன்ஸர் செயின் விவகாரம். இரட்டை சிலிண்டர் வண்டிகளில் இன்ஜின் உதறாமல் இருக்க உள்ளே கனமான தண்டு ஒன்று சுற்றும். அதைச் சுற்றவைக்கும் செயின் நாளாவட்டத்தில் தளர்ந்து கடகடக்கும். சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. வெளியே உள்ள நட்டைத் தளர்த்தினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தானே செயினை இழுத்துக்கொள்ளும். பிறகு நட்டை இறுக்கிவிட வேண்டியதுதான். ஆனால் மெக்கானிக் சமீபகாலமாக ஸ்பிரிங்கை நம்புவதில்லை. ஸ்க்ரூடிரைவரால் ஒரு நெம்பு நெம்பிவிட்டுத்தான் இறுக்குவார். இந்தக் காலத்து ஸ்பிரிங்குக்கு ஏது உயிர் என்பது அவர் கட்சி.

தான் முடித்துவைக்கும் வண்டிகளை மச்சினன் சாப்பாட்டு நேரத்தில் நோண்டுகிறான் என்று மோப்பம் பிடித்தவர், பெண்டாட்டியின் நகப்பூச்சைக் கொண்டுவந்து, நட்டின் மேலிருந்து இன்ஜின் மூடி வரை சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கோடு இரண்டாக உடைந்திருந்தது.

"மாட்டினியாடா! எத்தனை வண்டில கை வச்ச?"

"மூணு மாசமா எல்லா வண்டியிலயும்தான், மாமா." பயல் முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"நான் இறுக்கினதைத் தளர்த்தி, என் பேரைக் கெடுத்து, பட்டறையை அமுக்கப் பாக்குறியா? உங்கக்கா முகத்துக்காகச் சும்மா இருக்கேன்."

"நீங்க ரொம்ப இறுக்கிடுறீங்க. ஸ்டார்ட் பண்ணா கீச்சுன்னு கத்துது. அப்படியே ஓட்டினா செயின் அறுந்து இன்ஜினே போயிடும்."

"கீச்சாவது மூச்சாவது! என் காதுல விழாத சத்தமா?"

மச்சினன் அடுத்த வண்டியின் முன் குத்தவைத்து உட்கார்ந்தான். "நட்டைத் தளர்த்தினதும் ஸ்பிரிங் இழுக்கும். அப்ப உள்ள 'டக்'னு ஒரு சத்தம் வரும். அது வந்தா நெம்பவே வேணாம். கவனிங்க."

மெக்கானிக் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டார். மச்சினனின் முதுகு நட்டை மறைத்தது. தோள் லேசாக அசைந்தது. அந்த 'டக்'கைக் கேட்டே எத்தனையோ மாதமாகிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாள் ஸ்பிரிங் செத்துவிட்டதென்றல்லவா நினைத்தார்!

"கேட்டுச்சா, மாமா?"

"கேக்காம என்ன? டக்குன்னு, நல்லாவே கேட்டுச்சு."

மச்சினன் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நான் இன்னும் நட்டைத் தொடவே இல்ல, மாமா."

மெக்கானிக் கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்தார். காதைத் தடவிக்கொண்டார்.

"யாருக்கெல்லாம்டா தெரியும்?"

மச்சினன் பக்கத்தில் வந்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

"உங்களைத் தவிர எல்லாருக்கும்."